இடப்பக்கத் தகடு, வலப்பக்கத் தகடு

கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஜன்னல் கிடையாது. ஓர் அரவை மிஷின், ஒரு மேசை விளக்கு, எந்நேரமும் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு ரப்பர் குழாய், மூன்று தட்டுகளில் அன்றைக்கு முடிக்க வேண்டிய லென்ஸ்கள். இருபத்தேழு வருஷமாக அந்த அறையில் லென்ஸ் அக்கா வைத்ததுதான் சட்டம். கடையில் எல்லாருக்கும் அவள் லென்ஸ் அக்காதான். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த முதலாளியும் "அக்கா" என்றே கூப்பிடுவார். அதைப் பற்றி இருவரும் யோசித்ததே இல்லை.

முன்னால் நின்று கண்ணைப் பரிசோதிப்பவர்கள், முகத்துக்கு எந்த பிரேம் எடுக்கும் என்று ஆலோசனை சொல்பவர்கள், "பத்தே நிமிஷம், உக்காருங்க" என்று கூசாமல் பொய் சொல்பவர்கள் எல்லாம் வேறு ஆட்கள். வட்டமாக வரும் லென்ஸை பிரேமுக்குள் கச்சிதமாக உட்காரும்படி அரைத்துக் கொடுப்பது மட்டும்தான் இவள் வேலை. ஒரு மயிரிழை கூடினால் பிரேம் விரியும், குறைந்தால் லென்ஸ் கழன்று விழும். வலக்கண் லென்ஸ் இடப்பக்கம் போய்விட்டால் போட்டவருக்குப் படிக்கட்டு இரண்டாகத் தெரியும். அப்படி இவள் கையால் ஒன்றுகூட மாறியதில்லை. அதைப் பற்றிப் பீற்றிக்கொள்ளவும் மாட்டாள். யாராவது கேட்டால், "மாறிடுச்சுன்னா திரும்பி வருவாங்க, வேல ரெண்டு மடங்கு" என்பாள்.

அவளைக் கட்டிக்கொண்டவரும் அந்தக் கடைக்குள் வந்து விழுந்தவர்தான். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கக் கண்ணாடி வேண்டும் என்று வந்த பள்ளிப் பேருந்து டிரைவர். கண்ணாடி வாங்கிப் போன மாதத்திலேயே, "காது பக்கம் லூஸா இருக்கு" என்று நான்கு முறை வந்தார். நான்காவது முறை முதலாளி பொறுக்க மாட்டாமல், "தம்பி, திருகாணி நல்லாத்தான் இருக்கு. வேற எதோ லூஸ் ஆயிருக்கு. அக்காவக் கூப்புடறேன், நீங்களே பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டார். அப்படிப் பேசிக்கொண்டதில் கல்யாணம் முடிந்து, ஒரு மகள் பிறந்து வளர்ந்து வேறு ஊருக்கு வேலைக்கும் போய்விட்டாள்.

டிரைவர் நல்ல மனுஷர். குடியில்லை, கோபம் வந்தாலும் காபி ஆறுவதற்குள் போய்விடும். ஒரே ஒரு குறை. பேருந்தில் ஐம்பத்திரண்டு பிள்ளைகளை எண்ணி ஏற்றி எண்ணி இறக்கிப் பழகியவர், வீட்டிலும் அதே மாதிரி இருப்பார். டம்ளர் எத்தனை, கரண்டி எத்தனை, இது ஏன் இங்கே இருக்கிறது, அது ஏன் அங்கே இல்லை. வார நாட்களில் பிரச்சினை இல்லை. இருவருக்கும் வேலை. சனிக்கிழமை துணி, கடை, சமையல் என்று ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் விடிவதற்கு முன்பே அண்ணனோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்விடுவார். திரும்பி வரப் பதினொன்று ஆகும்.

அந்த ஐந்து மணி நேரம் லென்ஸ் அக்காவின் சொத்து. அப்போது அவள் ஒன்றும் செய்ய மாட்டாள். செய்யாமல் இருப்பதில்தான் விஷயமே. தரையில் தலையணையைப் போட்டுச் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருப்பாள். பசித்தால் சட்டியிலிருந்தே நின்றபடி சாப்பிடுவாள். வாரம் முழுவதும் ஒரு மில்லிமீட்டரையே உற்றுப் பார்க்கிற கண்ணுக்கு, எதையும் பார்க்காமல் கிடக்க ஒரு காலைப்பொழுது வேண்டாமா?

அந்தக் காலைப்பொழுதுக்குத்தான் ஆபத்து வந்தது. வந்தது ரப்பர் மீன்களால்.

ரப்பர் மீன் என்று வீட்டில் சொல்வார்களே ஒழிய, அது மிருதுவான பிளாஸ்டிக். விரல் நீளம், வாலை ஆட்டினால் ஆடும். நிஜ மீன் இது நம் இரை என்று நம்பி வாயைத் திறக்க வேண்டும், அதற்குத்தான் இந்த வேஷம். சும்மா இழுத்தால் அது தண்ணீர் மேலேயே வழுக்கிக்கொண்டு வரும். அதனால் தாடைக்குக் கீழே கண்ணாடி போன்ற ஒரு சின்னத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டும்போது கழுத்தில் கட்டும் துணி மாதிரி. இழுக்க இழுக்கத் தண்ணீர் அந்தத் தகட்டை அமுக்கும், மீன் தலைகுப்புற ஆழத்துக்குப் போகும், உடம்பும் நெளியும். பழைய வகையில் உடம்பு தனி, தகடு தனி. பிளேடால் தாடையைக் கீறித் தகட்டைச் செருகி ஒட்ட வேண்டும். புது வகையில் தகடும் உள்ளெலும்பும் ஒரே வார்ப்பாக வருகின்றன, அதன்மேல் உடம்பை ஊற்றிவிடுகிறார்கள். கடையில் வாங்கி அப்படியே தண்ணீரில் போடலாம்.

டிரைவரின் அண்ணன் பழைய வகைக்காரர். பேருந்து நிலையத்துக்கு எதிரே சாவி போடும் கடை வைத்திருப்பவர். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெயிலில்தான் நிற்க வேண்டும், அவ்வளவு பெரிய கடை. அவரிடம் ஒரு தட்டைப் பெட்டியில் பதினாறு பழைய மீன்கள் இருந்தன. அந்த வகை உடம்பை இப்போது யாரும் செய்வதில்லை. அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்குத் தம்பி ஆசை ஆசையாக ஆறு புது மீன்களை வாங்கினார். கையில் கொடுத்தால் என்ன சுவாரஸ்யம்? உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அண்ணன் கவனிக்காத நேரத்தில் அவர் பெட்டிக்குள் பழைய மீன்களுக்கு நடுவே வரிசையாகப் படுக்க வைத்து மூடிவிட்டார். திறக்கும்போது ஆச்சரியப்பட வேண்டும் என்று திட்டம்.

அண்ணன் ஆச்சரியப்பட்டார். இரண்டு வகைப் பிளாஸ்டிக்கையும் ஒட்டி வைத்தால் ஒன்றையொன்று கரைத்துவிடும் என்று அந்த உறையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு வாரம் மழையால் யாரும் ஏரிப் பக்கம் போகவில்லை, பெட்டி மூடியே கிடந்தது. மூன்றாவது வாரம் படகுத்துறையில் வைத்துத் திறந்தபோது இருபத்திரண்டு மீன்களும் சேர்ந்து ஒரே மீனாகியிருந்தன. அதையும் மீன் என்று சொல்ல முடியாது. பச்சையும் பழுப்புமாக ஒரு கொழகொழப்பு, அதற்குள்ளிருந்து அங்கங்கே கண்கள் முழித்துக்கொண்டிருந்தன.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார் சாவிக்காரர்.

தம்பி "தெரியாம பண்ணிட்டேன்" என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நினைத்து நினைத்து ஆசையாக வாங்கி வைத்தவருக்கு அந்த நேரத்தில் அவமானம் பொத்துக்கொண்டு வந்தது. "பழைய ரப்பர் துண்டுக்கா இவ்ளோ ஆட்டம் ஆடற?" என்று கேட்டுவிட்டார். சாவிக்காரர் பெட்டியைத் தம்பி கையில் திணித்துவிட்டு, படகைத் திரும்பக் கட்டிவிட்டு, பேருந்து பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். காரில் இடம் இருந்தும்!

அதற்கப்புறம் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் டிரைவர் வீட்டில் இருந்தார்.

முதல் ஞாயிறு கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். இரண்டாவது ஞாயிறு சமையலறை டப்பாக்களை உயரப்படி வரிசையாக்கினார். லென்ஸ் அக்கா உப்பைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. மூன்றாவது ஞாயிறு தரையில் படுத்திருந்தவளைச் சுற்றிப் பெருக்கினார். "காலை கொஞ்சம் தூக்கிக்கம்மா." தூக்கித்தான் வைத்திருந்தாள். "இன்னும் கொஞ்சம்."

ஓரகத்தி, அதாவது சாவிக்காரர் மனைவி, போன் பண்ணினாள். அங்கேயும் அதே கூத்துதான்.

"வீட்ல இருக்கற எல்லாப் பூட்டையும் கழட்டித் தொடச்சிட்டாரு. திரும்ப மாட்டிட்டாரு, பாத்ரூமத் தவிர. கேட்டா, யார் வரப் போறான்றாரு. பாட்டு பாடிக்கிட்டே குளிக்கறேன்டி நான்."

"இங்க மட்டும் என்னக்கா? நேத்து என் செருப்ப எண்ணறாரு."

"நீதான் எதாச்சும் பண்ணணும். உன் ஆள்தான மொதல்ல வாய விட்டது."

"உங்க ஆள் பஸ் புடிச்சுப் போனாரே, அது?"

இருவரும் அவரவர் ஆளுக்காகக் கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு, சீக்கிரமே ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் ஒன்றாகிவிட்டார்கள்.

செருப்பு அலமாரியின் அடித்தட்டில் அந்தக் கட்டி பெட்டியோடு கிடந்தது. லென்ஸ் அக்கா அதை ஒரு பழைய பாத்திரத்தில் போட்டு வெந்நீர் ஊற்றினாள். வீடே டயர் கடை மாதிரி நாறியது. இளகியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து எடுத்தாள். உடம்புகள் போனது போனதுதான். தகடுகள் மட்டும் லேசாக மங்கியிருந்தனவே தவிர முழுசாக இருந்தன. பதினாறு பழைய தகடுகள். கையில் எடுத்துப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது கடையில் பாதுகாப்புக் கண்ணாடிக்குப் போடும் உடையாத பிளாஸ்டிக்கேதான். அரைத்து மிஞ்சிய துண்டுகள் பின்னறையில் ஒரு வாளி நிறைய இருக்கின்றன. தூண்டில் கடையில் தகடில்லாத வெறும் மீன்களும் கிடைக்கும். அதே வடிவத்தில் தகடு வெட்டிச் செருகினால் முடிந்தது வேலை.

முதலாளியிடம் கேட்டாள். "வாளியோட எடுத்துட்டுப் போங்கக்கா, இடம் காலியாகும்" என்றார்.

பழைய தகடுகளை மேசை விளக்கில் வைத்தபோது எல்லாவற்றிலும் ஒரு ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்ததைக் கவனித்தாள். ஏரிக்குள் கல், கட்டை என்று எதிலாவது உரசியிருக்கும். தேய்ந்துபோன லென்ஸைப் பார்த்துப் புதுசு செய்ய வேண்டியிருந்தால் அவள் வழக்கமாக என்ன செய்வாளோ அதையே செய்தாள். நல்லாயிருந்த பாதியை அளவெடுத்தாள், அதையே மறுபாதிக்கும் திருப்பிப் போட்டாள். பதினாறு தகடுகள். இடமும் வலமும் துளி பிசகில்லை. ஐந்து நாள் மதிய இடைவேளையையும் அதற்கே கொடுத்து வெட்டி, வழவழவென்று தேய்த்து, மீன்களுக்குள் செருகி ஒட்டி, ஓரகத்தி மூலமாகச் சாவிக்காரருக்கு அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தப் பக்கச் சுவரில் கால் வைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டாள்.

மறுநாள் மாலை பெட்டி திரும்பி வந்தது.

"என்னக்கா சொன்னாரு?"

"ரொம்ப அழகா இருக்குன்னாரு. ஆனா இது நம்மளுது இல்லன்னாரு. பூட்ட எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாரு."

லென்ஸ் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. இருபத்தேழு வருஷத்தில் அவள் வேலை ஒன்று திரும்பி வருவது இதுதான் முதல் தடவை. டிரைவர் சமாதானம் சொல்ல வந்தார். "விடும்மா, அவன் அப்படித்தான்." "நீங்க போய் செருப்ப எண்ணுங்க" என்றாள்.

அடுத்த நாள் மதியம் சாப்பிடக்கூட எழாமல், அந்தப் பழைய தகடுகளை எடுத்தாள். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொன்றாக நடுக்கோட்டில் வைத்தாள். முதல் தகட்டில் வலது ஓரம் தேய்ந்திருந்தது. இரண்டாவதிலும் வலது ஓரம். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. பதினாறிலும் வலது ஓரமேதான், அதுவும் எல்லாவற்றிலும் ஒரே அளவு. கல்லில் உரசினால் அப்படித் தேயாது. கல்லுக்கு இடம் எது வலம் எது என்று தெரியுமா? பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஓரத்தில் சரிவாக, ஒரே திசையில், நெருக்கமாகக் கீறல்கள். அரம் போட்ட தடம். சாவியின் பல்லில் இருக்குமே, அதே தடம்.

அவளுக்குப் புரிந்தது பாதிதான். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் டிரைவரின் சொந்தப் பெட்டியைத் திறந்தாள். அதில் கரையாமல் தப்பிய ஏழு பழைய மீன்கள் இருந்தன. தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஏழிலும் இடது ஓரம் தேய்த்திருந்தது.

"ஏங்க, உங்க தகட்டையெல்லாம் யார் தேச்சது?"

"தேக்கறதா? அத எவன் தொட்டான்?"

"மீன்ல சொருகுனது யாரு?"

"அண்ணன்தான். படகு வாங்குனதுலேர்ந்து அவன்தான் சொருகித் தருவான். எனக்கு அந்தப் பொறும கிடையாது, விரல வெட்டிக்குவேன்." அப்புறம் மார்பை லேசாக நிமிர்த்திக்கொண்டு, "ஆனா ஒண்ணு. பின்னாடி ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ரெண்டு தூண்டில இழுத்துட்டுப் போறோம். இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவகூட ரெண்டு தூண்டில் நரம்பும் சிக்குனதில்ல. மத்தவன்லாம் பாதி நாள் சிக்கெடுத்துட்டே உக்காந்திருப்பான். கை ராசி வேணும்மா அதுக்கு."

லென்ஸ் அக்கா மூடியை மெதுவாகச் சாத்தினாள். "ஆமா. ராசியான கை" என்றாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் சாவிக் கடைக்குப் போனாள். சாவிக்காரர் யாருடையதோ வீட்டுச் சாவியை இடுக்கியில் வைத்து அரத்தால் இழைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அரம் நின்றது.

"வாம்மா. சாவி தொலஞ்சிடுச்சா?"

"இல்ல மாமா. ஒரு சந்தேகம்." தகட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "உங்களுது எல்லாம் வலது ஓரம், அவருது எல்லாம் இடது ஓரம். ஒரு ஓரம் கொறஞ்சா மீன் எதிர்ப்பக்கமா இழுக்கும். உங்க மீன் படகுக்கு இடப்பக்கமா வெலகிப் போகும், அவரு மீன் வலப்பக்கமா வெலகிப் போகும். அதானே?"

சாவிக்காரர் தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்தார், தம்பி எங்கேயாவது நிற்கிறானா என்பது போல.

"அவன்ட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லிடாத." அரத்தைத் துடைத்துக் கீழே வைத்தார். "படகு வாங்குன புதுசுல, நரம்பு சிக்கிச்சுன்னா பல்லாலயே கடிச்சுத் துப்பிடுவான். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, கரைக்குப் போலாம், கரைக்குப் போலாம்னு ஒரே பாட்டு. அவன் கிளம்புனா நானும் கிளம்பணும். ஒரு கார்தான? ஏதோ அவனுக்காகப் பண்ணுன தியாகம்னு நெனச்சுக்காத. என் ஞாயித்துக்கெழமைய நான் காப்பாத்திக்கிட்டேன்."

லென்ஸ் அக்காவுக்கு இந்த மனுஷரை அதுவரை இவ்வளவு பிடித்ததில்லை.

"அதையே சொல்லியிருக்கலாமே மாமா அவர்ட்ட?"

"சொல்லலாம். அப்பறம் அவன் கை ராசி என்னாவும்?" ஒரு சாவியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "அந்தப் புது மீன் இருக்கே, நானும் கடைல ஒண்ணு வாங்கிப் பாத்தேன். தகடு ரொம்ப மெல்லிசு. ஒரு பக்கம் அரம் போட்டா பம்பரமாச் சுத்துது. போடாம விட்டா நேரா வருது. ரெண்டு நேரா வந்தா சிக்கும். மொத நாளே தெரிஞ்சிடும். கரைஞ்சது போனாப் போவுது, அந்த ஆறையும் அப்படியே தண்ணில போட்டிருந்தாலும் எங்களுக்குச் சண்டதான்."

"அதுக்குதான் ஏழு வாரமா பூட்டு தொடைக்கறீங்களா?"

"அதுக்கில்ல. பழைய ரப்பர் துண்டுன்னான் பாரு, அதுக்கு."

"அது அவருக்கே உறுத்திட்டுதான் இருக்கு மாமா. மனசு சரியில்லன்னா எண்ணுவாரு. இப்ப தெருவுல போற வண்டிய எண்ணறாரு." பையிலிருந்து தான் செய்த மீன்களைக் கொட்டினாள். "எவ்ளோ தேக்கணும், சொல்லுங்க."

"அளவெல்லாம் கிடையாதும்மா. கைக்குத் தெரியும்."

"எங்க கடைல இப்படிச் சொன்னா வேலய விட்டுத் தூக்கிடுவாங்க" என்று வெர்னியர் அளவுகோலை எடுத்தாள். பழைய தகட்டை அளந்தாள். பூஜ்யம் புள்ளி ஏழு மில்லிமீட்டர். இன்னொன்று, அதுவும் ஏழு. மூன்றாவதும் ஏழு. சாவிக்காரருக்கே ஆச்சரியம். "அட, நம்ம கை பரவால்லயே" என்று விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

இடம் வலம் பிரித்து வேலை செய்வது லென்ஸ் அக்காவுக்கு மூச்சு விடுகிற மாதிரி. எட்டு மீன்களுக்கு இந்தப் பக்கம், எட்டு மீன்களுக்கு அந்தப் பக்கம். அரத்தைச் சாவிக்காரர் பிடித்தார், அளவை அவள் பார்த்தாள். வெளியே நின்ற ஒருவர், "என் சாவி?" என்று கேட்டுக் கேட்டு அலுத்து, டீ குடிக்கப் போய்விட்டார். சாவிக்காரருடையதைச் சிவப்பு மூடிப் பெட்டியிலும் தம்பியுடையதை நீல மூடிப் பெட்டியிலும் அடுக்கினாள்.

"ஞாயித்துக்கெழமை வருவான்ற?"

"வருவாரு. நானும் வரேன்." ஒரு ஞாயிறு போனால் போகிறது, மிச்ச ஞாயிறுகளுக்காக.

டிரைவரிடம் அவள் பக்குவமாகத்தான் பேசினாள். "தண்ணில போட்டுப் பாத்தாதான் நான் செஞ்சது சரியா தப்பான்னு தெரியும். அவரு ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் இழுக்கணும். என் வேல மொதத் தடவயா திரும்பி வந்திருக்கு. அது எனக்கு அவமானமா இல்லையா?" தனக்காகக் கேட்டிருந்தால் டிரைவர் முரண்டு பிடித்திருப்பார். பெண்டாட்டியின் மானம் என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டார்.

காலை ஆறு மணிக்கு ஏரி தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே கயிற்றை இரண்டு முனையில் அவிழ்த்தார்கள். லென்ஸ் அக்கா படகின் நடுவில் இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்து உட்கார்ந்தாள். பின்பலகையில் இருபத்தெட்டு வருஷமாக அண்ணன் இடப்பக்கம், தம்பி வலப்பக்கம். நடுவே சின்ன மோட்டாரின் கைப்பிடி. வலப்பக்கம்தான் வசதி. வெயில் முகத்தில் அடிக்காது, காலை நீட்டிக்கொள்ளலாம்.

டிரைவர் உட்காரவில்லை. தொண்டையைச் செருமினார். ஏழு வாரமாக அடைகாத்து வைத்திருந்ததை இப்படித்தான் வெளியே விட அவருக்குத் தெரிந்தது.

"நீ இந்தப் பக்கம் உக்காரு. வெயில் படாது."

சாவிக்காரர் திடுக்கிட்டு லென்ஸ் அக்காவைப் பார்த்தார். அவள் மடியிலிருந்த இரண்டு பெட்டிகளையும் பார்த்தாள். இடம் மாறினால் இரண்டு மீன்களும் வெளிப்பக்கம் விலகுவதற்குப் பதிலாக உள்ளே பாய்ந்து, ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும்.

"வேணாம்டா. நான் என் எடத்துலயே..."

"உக்காருன்றேன். என்ன, நான் உக்காந்த எடம்னா ஒட்டிக்குமா?"

வேண்டாம் என்று இன்னொரு முறை சொன்னால் அது இன்னொரு சண்டை. சாவிக்காரர் கோவிலுக்கு நேர்ந்துவிட்ட ஆடு மாதிரி போய் வலப்பக்கம் உட்கார்ந்தார். டிரைவர் திருப்தியாக இடப்பக்கம் உட்கார்ந்து கையை நீட்டினார். "என் பெட்டியக் குடும்மா. நீலந்தான?"

"செவப்பு" என்றாள் லென்ஸ் அக்கா.

"நீலம்னு நேத்து சொன்ன?"

"நேத்து மாத்திச் சொல்லிட்டேன். நீலம் மாமாவோடது." சொல்லிக்கொண்டே இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி இருவர் மடியிலும் வைத்தாள். டிரைவர் அவளை உற்றுப் பார்த்தார்.

"நீ மாத்திச் சொல்லுவியா?"

"எனக்கும் வயசாகுதுல்ல?"

அவள் வாழ்க்கையிலேயே வேலை விஷயத்தில் சொன்ன ஒரே பொய் அதுதான். வாய் கூசியது. படகு கிளம்பியது.

இரண்டு மீன்களும் தண்ணீரில் விழுந்தன. தகடுகள் நீரைப் பிடித்தன, இரண்டும் மூக்கைக் கவிழ்த்து மறைந்தன. தூண்டில் முனைகள் துடித்தன. நரம்புகள் மெல்ல மெல்ல விலகத் தொடங்கின, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். விரித்த கத்தரிக்கோல் மாதிரி, பின்னால் போகப் போக நடுவே அகலமாகத் தண்ணீர். லென்ஸ் அக்கா வாழ்நாளில் எத்தனையோ அரைத்திருக்கிறாள். தான் அரைத்தது வேலை செய்வதைக் கூடவே உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

பிரச்சினை வேறொன்று வந்தது. சாவிக்காரருக்கு மோட்டார் கைப்பிடியை வலக்கையால் பிடித்துத்தான் பழக்கம். இப்போது இடக்கை. படகு அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆடியது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவரால் அதைச் சகித்துக்கொள்ள முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நிமிஷம் இருந்தார்.

"யோவ், என்னய்யா ஓட்டற? பாம்பு போற மாதிரி போவுது!"

"நீதான்டா மாத்தி உக்கார வெச்ச!"

"தெரியாம வெச்சிட்டேன், எழுந்திரு, உன் எடத்துக்கே போ! எல்லாத்தையும் தெரியாமத்தான் பண்றேன் நான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. சாவிக்காரர் எழுந்தார்.

"சரி விடு. தூண்டில் ரெண்டும் பலகையோரக் குழாய்ல சொருகுனபடியே நிக்கட்டும். நாம மாறிக்கலாம். நீ இந்தத் தூண்டிலப் பாத்துக்க, நான் அதப் பாத்துக்கறேன்."

"பெட்டி?"

"பெட்டியும் அங்கங்கயே இருக்கட்டும்" என்றாள் லென்ஸ் அக்கா அவசரமாக.

மாறினார்கள். இரண்டு கனத்த மனுஷர்கள் ஒரு குறுகிய படகில் ஒருவரை ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு தாண்டுவது பார்க்கச் சகிக்கவில்லை. உட்கார்ந்த கையோடு வலப்பக்கத் தூண்டில் வளைந்தது. டிரைவர் கத்தினார், இழுத்தார், நரம்பைச் சுற்றினார். கேட்காமலே சாவிக்காரர் வலையை நீட்டி அள்ளினார். பெரிய மீன் என்று சொல்ல முடியாது. அரை முழம் இருக்கும். வாயோரத்தில் லென்ஸ் அக்காவின் தகடு மின்னியது.

"பாத்தியா?" என்றார் டிரைவர், மீனைத் தூக்கிப் பிடித்து. "அது உன் தூண்டிலா இருந்தா என்ன, என் தூண்டிலா இருந்தா என்ன? நரம்பு சிக்குச்சா? கை ராசி!"

சாவிக்காரர் வலையைத் தண்ணீரில் அலசினார். "ஆமான்டா" என்றார். "உன் கை ராசி யாருக்கு வரும்?"

பத்தரை மணிக்குள் இன்னும் மூன்று. அதற்குள் இருவரும் மோட்டார் எண்ணெயைப் பற்றி, கடைத்தெருவின் புதுப் பாலத்தைப் பற்றி, ஏழு வாரம் பேசாமல் விட்டதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டார்கள். நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது இருவருக்கும் மறந்துபோயிருந்தது. அவள் கையில் பேப்பர் தட்டில் வெறும் ரொட்டி. வெயில் முதுகில் இதமாக இருந்தது. ஒரு தடவைக்கு மோசமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நினைப்பு முகத்தில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. துறையில் படகைக் கட்டும்போது சாவிக்காரர் தம்பியிடம், "நடுவுல ஆள் இருந்தா படகு நல்லா நிக்குதுல்ல?" என்றார்.

"நானும் அதான் நெனச்சேன்" என்றார் டிரைவர். "இனிமே வாராவாரம் வந்துடும்மா. இத்தன வருஷமா உன்ன வீட்ல தனியா விட்டுட்டு வந்துட்டோமேன்னு இப்பதான் தோணுது."

லென்ஸ் அக்கா துறையின் படியில் ஒரு காலும் படகில் ஒரு காலுமாக நின்றாள். இரண்டு முகங்களும் பாசத்தில் பளபளத்தன. இதைவிட அந்தக் கொழகொழப்பே தேவலாம் போலிருந்தது.

"இல்லங்க" என்றாள். "எனக்கு வயித்தப் பொரட்டுது."

"இன்னிக்கு ஒண்ணும் பண்ணலயே? ரொட்டியெல்லாம் சாப்ட்ட?"

"சாப்ட்டதாலதான்."

"இஞ்சி எடுத்துட்டு வந்தா?"

"தலையும் சுத்துது." பின்பலகையிலிருந்த சிவப்பு மூடிப் பெட்டியைச் சாவிக்காரரிடமும் நீல மூடிப் பெட்டியைத் தன் புருஷனிடமும் கொடுத்தாள். "இன்னிக்கு எது எந்தப் பக்கம் இருந்துச்சோ, அப்படியே இருக்கட்டும். இதுல எதாச்சும் ஒடஞ்சா சொல்லுங்க, புதுசா வெட்டித் தரேன். கடைல துண்டு நெறைய இருக்கு. படகு மட்டும் வேணாம்."

டிரைவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாவிக்காரர் அவர் தோளைத் தட்டினார்.

"வற்புறுத்தாதடா. உடம்புக்கு ஒத்துக்கலன்னா என்ன பண்ணுவா?" என்று சொல்லிவிட்டுக் கயிற்று முடிச்சைப் பார்க்கக் குனிந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றிக்கொள்வது என்றால் என்ன என்று தெரிந்தவர்.

அடுத்த ஞாயிறு ஐந்தரைக்குக் கார் கிளம்பிய சத்தம் தெருமுனை தாண்டிப் போனது. லென்ஸ் அக்கா கதவைச் சாத்தினாள். போன் அடித்தது. ஓரகத்தி.

"போயாச்சா?"

"போயாச்சுக்கா."

"இங்கயும். பாத்ரூமுக்கும் பூட்டு மாட்டிட்டுப் போயிட்டாரு." இரண்டு வீட்டிலும் யாரும் எதையும் எண்ணாத சத்தம் கேட்டது.

"சரி, வெச்சிடட்டுமா?" என்றாள் ஓரகத்தி.

"வெச்சிடுங்கக்கா" என்றாள் லென்ஸ் அக்கா. தலையணையைத் தேடக்கூட எழவில்லை, இருந்த இடத்திலேயே தரையில் சாய்ந்துகொண்டாள்.